கச்சான் போட்டு எடுக்கிற அணில் படம்

ஊர்ப் படங்கள் போடும் பக்கங்களில் அணிலுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் ஒரே காட்சிதான்: தரையில் குந்தியிருக்கும் அணில், கையில் கச்சான் (நிலக்கடலை) பருப்போ பிஸ்கட் துண்டோ. லைக்கும் நன்றாக விழும். ஆனாலும் தீனி போட்டு எடுக்கிற பழக்கத்தை விடவேண்டும் என்பதுதான் என் கருத்து.

முதல் காரணம் அணில். மரத்தில் நிற்கும்வரை பூனையிடம் அது இலேசில் அகப்படாது. எங்கள் திருகோணமலைக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் றோட்டில் வாகனம், நாய், காகம் எல்லாம் உண்டு. அந்தத் தரைக்கு அதைப் பழக்குவது நாங்கள்தான். 100 கிராம் சொச்சம் நிறையுள்ள உடம்புக்கு உப்புக் கச்சானும் சீனி பிஸ்கட்டும் எதற்கு? அதே றோட்டில் மான்கள் பொலித்தீனை மெல்லுவதை ஊரே பார்த்திருக்கிறது. அதுவும் ‘பாவம், ஏதாவது குடுப்பம்’ என்று தொடங்கியதுதான்.

இரண்டாவது காரணம் படம். தீனி தின்னும் அணிலுக்கு ஒரே தோரணைதான். பத்துப் பேர் எடுத்தாலும் பத்தும் ஒரே படம்.

அதற்குப் பதிலாக, அது தானாகவே வரும் மரத்தைப் பிடியுங்கள். ஆலும் அரசும் பழுத்திருக்கும் நேரம், ஜாம்பழ மரம், முருங்கைப்பூ, புதிதாக வெடித்த தென்னம்பாளை, இதில் ஒன்று போதும். மரத்திலிருந்து 6 மீற்றர் தள்ளி, மதிலிலோ வேரிலோ சாய்ந்து இருந்துவிடுங்கள். நடந்து திரிபவரை அணில் நம்பாது. ஆடாமல் இருப்பவரை மெல்ல மெல்லக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும்.

கனபேர் தோற்கும் இடம் அடிமரம். நீங்கள் வலம் சுற்றினால் அதுவும் சுற்றும். எப்போதும் உங்களுக்கு மறுபக்கம்தான் நிற்கும். துரத்தி வெல்ல முடியாது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கமராவோடு அசையாமல் இருக்க, மற்றவர் மரத்தின் பின்பக்கமாக ஆறுதலாக நடக்கட்டும். நடப்பவருக்கு ஒளித்து, அணில் தானாகவே கமராவின் பக்கம் வரும். தலைகீழாக ஒட்டியபடி சில நொடி உறைந்து நிற்குமே, அந்த நேரம்தான் அழுத்தவேண்டும்.

கத்தும் அணில் இன்னும் நல்லது. பூனையோ வல்லூறோ கண்ணில் பட்டால் ஒரே இடத்தில் இருந்து நிமிடக்கணக்கில் ‘கீச் கீச்’ என்று கத்தும். வடிவாகப் பாருங்கள்: ஒவ்வொரு கீச்சுக்கும் வால் ஒருமுறை வெட்டி இழுக்கும், விலாவும் குலுங்கும், தலை மட்டும் அவ்வளவாக அசையாது. ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்தால் முகம் தெளிவாகவும் வால் கலங்கியும் வரும். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். வாலும் மயிர் மயிராக வேண்டுமென்றால் 1/1600க்குப் போகவேண்டும். மற்றபடி கிளையில் ஓடித் திரிவதற்கு 1/1000 போதும், ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவு) தானியங்கியில் விடலாம்.

300 மில்லிமீற்றர் லென்ஸ், சின்ன சென்சார் கமரா, 6 மீற்றர் தூரம், லென்ஸின் துளை எஃப் 5.6 என்று வைத்துக்கொள்வோம். படத்துக்குள் விழும் அகலம் அரை மீற்றருக்குக் கிட்ட. வாலை விட்டுவிட்டால் அணிலின் உடம்பு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தெளிவாக விழும் ஆழம் 9 சென்ரிமீற்றர் அளவுதான். எங்களைப் பார்த்தபடி நிற்கும் அணிலில் மூக்கும் முதுகும் ஒன்றாகத் தெளியாது. ஆகவே ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். பக்கவாட்டில் நின்றால் முழு உடம்பும் கிடைக்கும். வானம் பின்னால் வந்தால் அணில் கரிக்கட்டையாகிவிடும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். போனில் எடுப்பவர்கள் விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். அதிலுள்ள தொலைவு லென்ஸோடு நிறுத்தி, கையை மதிலில் ஊன்றி, தொடர்ந்து எடுக்கும் முறையில் வையுங்கள்.

நேரம் காலை 6.15 முதல் 8.30 வரை. எங்களுக்கு சூரியன் கடலில் இருந்து வருகிறது. டச்சுக்குடாப் பக்கம் கடலை முதுகுக்கு விட்டு நின்றால் ஒளி நேரே அணிலின் முகத்தில் விழும். கச்சான் காற்று என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறியபின் கிளை ஆடும், ஃபோகஸ் இலைக்குத் தாவும். அதற்குமேல் நின்று பிரயோசனமில்லை. ஏசி அறையிலிருந்து வந்ததும் கமராவை வெளியே எடுக்காதீர்கள், கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடி இருபது நிமிடம் விடுங்கள். கடற்கரையில் நின்றால் லென்ஸில் உப்புப் படியும். முதலில் ஊதித் தள்ளி, பிறகு ஈரம் தொட்ட மென்துணியால் ஒற்றுங்கள். உலர்துணியால் தேய்த்தால் கீறும்.

கோட்டைக்குள் படைமுகாம் இருக்கிறது, கமராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம். நிலாவெளி றோட்டிலுள்ள போர்க் கல்லறையில் தரையோடு படுத்து எடுக்க ஆசை வரும். கல்லறைக் கற்களில் கமராவை ஊன்றுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

படத்தைப் போடும்போது ‘ஐந்து வரி அணில்’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம். அது வட இந்தியாவில் உள்ள வேறு இனம். எங்கள் முற்றத்தில் ஓடுவது இராமர் தடவிய மூன்று கோட்டு அணில்தான், முதுகைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். வாயில் தும்போ பஞ்சோ கவ்விக்கொண்டு ஓடினால் கூடு கட்டுகிறது என்று அர்த்தம். ஓடும் படத்தை எடுங்கள், பின்னால் போகவேண்டாம். எந்த மரம் என்பதையும் பதிவில் எழுதாமல் விடுங்கள்.