பியானோவுக்கு எண்ணெய் விடச் சொல்லும் பெருமக்களுக்கு

ஏற்காட்டில் ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுப் பியானோவின் கட்டைகள் அழுத்தியது அழுத்தியபடியே கிடக்கின்றன. சுத்தியல்கள் கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்ப மனமில்லாமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. இதைப் பார்க்கும் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வைத்தியத்தைச் சொல்கிறார்கள்: "கொஞ்சம் எண்ணெய் விடுங்களேன்!" தையல் மெஷினும் கதவுக் கீலும் பியானோவும் இவர்களுக்கு ஒன்றுதான்.

ஐயா, அங்கே இரும்போடு இரும்பு உரசவில்லை. ஒவ்வொரு சுத்தியலும் ஏறத்தாழ 1.3 மி.மீ. தடிமனுள்ள ஊசியில் ஆடுகிறது. அந்த ஊசிக்கும் மரத்துளைக்கும் நடுவே கம்பளித் துணி ஒட்டியிருக்கிறது. பனிமூட்டம் சன்னல் வழியே உள்ளே வரும் ஊரில் அந்தக் கம்பளி ஈரத்தைக் குடித்து உப்பி, ஊசியை இறுக்கிப் பிடிக்கிறது. எண்ணெயை விட்டால் அதையும் குடித்துவிட்டுத் தூசியோடு சேர்ந்து பிசினாகும். பித்தளை ஊசியில் பச்சைக் களிம்பு ஏறும். காப்பிக் கொட்டையில் ஈரம் சற்றுக் கூடினாலே முகம் சுளிக்கும் இவ்வூர்க்காரர்களுக்கு இது மட்டும் ஏன் விளங்குவதில்லை?

சென்ற ஆண்டு நான் சேலத்துக்கு இறங்கியிருந்த நாளில், பழுதுபார்க்க வந்த ஒருவர் பதினொரு சுத்தியல்களின் மூட்டுகளில் மெஷின் எண்ணெயை விட்டுவிட்டுக் கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கட்டைகள் துள்ளி எழுந்தன. மூன்றாம் வாரம் அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட எழவில்லை. கழற்றிப் பார்த்தால் சிவப்புக் கம்பளி கறுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

கம்பளியின் தொல்லையே வேண்டாமென்று, பியானோ செய்யும் ஸ்டெயின்வே நிறுவனத்தார் 1962இல் டெஃப்லான் வளையம் போட்டுப் பார்த்தார்கள். டெஃப்லான் உப்பாது, ஆனால் அதைச் சுற்றியுள்ள மரம் உப்பிச் சுருங்குமே! மூட்டுகள் டக்டக்கென்று சத்தமிட, 1980களின் தொடக்கத்தில் கம்பளிக்கே திரும்பினார்கள். அவர்களுக்கே பிடிபடாத ஈரத்தை அரைக்கரண்டி எண்ணெயில் அடக்கிவிடலாம் என்கிறார்கள் நம்மவர்கள்.

சரியான வைத்தியம் வேறு: பழைய ஊசியைத் தள்ளியெடுத்து, கம்பளித்துளையைச் சீவி, பொருத்தமான ஊசியைச் செருகி, சுத்தியலை ஆட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் குடித்த கம்பளிக்கு அதுவும் உதவாது. துணியையே மாற்றியாக வேண்டும். பதினொன்றில் ஏழு சுத்தியல்களுக்குத் துணி மாற்றிவிட்டேன். மீதி நான்கும் எண்ணெய் நாற்றத்தோடு இன்னும் மேசைமேல்தான் கிடக்கின்றன.