திரையில் வரும் எண்ணையும் சேர்த்துச் சோதியுங்கள்
காலிபரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை) சான்றிதழ்கள் நேரடியாகக் கணினிக்குப் போய்விட்டால் ஓசூர் ஆலைகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. காகிதப் பிரச்சினை தீரும். அளவுப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

0–10 பார் பிரஷர் டிரான்ஸ்மிட்டரை, அதாவது அழுத்தத்தை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் கருவியை, எடுத்துக்கொள்வோம். அந்த அழுத்த வரம்பின் 0, 25, 50, 75, 100 சதவீதத்தில் 4, 8, 12, 16, 20 மில்லிஆம்பியர் வரவேண்டும். ஏற்றியும் இறக்கியும் பார்க்காவிட்டால் ஹிஸ்டெரிசிஸ் (ஒரே அழுத்தத்துக்கு ஏறும்போது ஓர் அளவு, இறங்கும்போது வேறு அளவு காட்டுவது) தெரியாது. இதெல்லாம் தேறிவிட்டது, சான்றிதழும் பச்சை. ஆனால் பிஎல்சியில் (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) யாரோ 0–16 பார் என்று ஸ்கேல் போட்டிருந்தால் 5 பார் அழுத்தம் திரையில் 8 ஆகத் தெரியும். பூஜ்யத்தில் இரண்டும் ஒத்துப்போவதால், மெஷின் நிற்கும்போது சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. அதனால் ஐந்து புள்ளிகளிலும் திரை எண்ணையும் குறியுங்கள். திருத்துவதற்கு முன்பு இருந்த அளவையும்தான்; அது இல்லாமல் கருவி எவ்வளவு விலகியது என்று எப்படித் தெரியும்?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் இதற்கு ஒரு தம்பி உண்டு: பிடி100 சென்சாரை (வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் வெப்பநிலை சென்சார்) இரண்டு ஒயரில் இணைப்பது. ஒரு டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம்தான். ஒயரில் 1 ஓம் சேர்ந்தாலே 2.6 டிகிரி கூடுதலாகக் காட்டும். திரையில் 90 என்றால் கூழ் 87.4. சென்சாரை மட்டும் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினால் இது சிக்காது. மூன்று ஒயர் போடுங்கள்.

இணைப்பு விஷயத்தில்: அலுவலக லேப்டாப்பை பிஎல்சி நெட்வொர்க்கில் நேராகச் செருக வேண்டாம். நடுவில் ஃபயர்வாலுடன் தனி சர்வர், ஓபிசி யுஏ (ஆலைக் கருவிகளும் மென்பொருளும் தரவு பரிமாறும் பொது முறை) வழியே படிக்க மட்டும் அனுமதி. அதற்கும் முன்னால் டேக் (ஒவ்வொரு கருவியின் அடையாளப் பெயர்) பட்டியலைச் சரிசெய்யுங்கள். களத்தில் ‘டிடி-101’, மென்பொருளில் ‘டிடி101’ என்றிருந்தால் சான்றிதழ் அநாதையாகக் கிடக்கும்.