தனிப் படகாம், தனிப் படகு!

பிரைவேட் டூர் என்று இன்னொரு முறை யாராவது என் காதில் ஓதினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது, உப்புத் தண்ணீரில் ஊறிய துணியெல்லாம் துவைத்து மடித்து அலமாரிக்குள் போயாயிற்று, வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும்.

தைப்பூச லீவோடு இரண்டு நாள் சேர்த்துப் போட்டுக்கொண்டு அம்மா, மனைவி, ஏழாவது படிக்கும் மகள், நான் என்று நாலு பேர் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போனோம். போனதே பாங்ஙா வளைகுடாவுக்காகத்தான். (ஙா என்ற எழுத்தை ஒன்றாம் வகுப்புக்கு அப்புறம் இப்போதுதான் எழுதுகிறேன், அந்த வகையில் தாய்லாந்துக்கு நன்றி.) கடலுக்குள் நட்டுவைத்த மாதிரி சுண்ணாம்புப் பாறைத் தீவுகள், அந்தத் தீவுகளுக்கு அடியில் குகைகள், குகைக்குள் சின்னக் கனூவில் படுத்தபடி நுழைந்து மறுபக்கம் போனால் நாலு புறமும் செங்குத்துச் சுவர், மேலே வானம், கீழே அலையாத்தி மரங்கள். தாய்லாந்து மொழியில் ஹாங் என்கிறார்கள், அறை என்று அர்த்தம். மழைநீர் காலங்காலமாகச் சுண்ணாம்பைக் கரைத்து, கூரை இடிந்து விழுந்து, அப்புறம் கடல் உள்ளே புகுந்து உண்டான அறை. மகள் இதன் வீடியோவை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கே கிடையாது. ஜேம்ஸ் பாண்ட் தீவு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஹாங்தான் வேண்டும்.

நாற்பது பேர் ஏறும் படகில் போனால் தலைக்கு இவ்வளவு என்று மலிவாக முடிந்திருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டத்தோடு ஓட முடியாது, அதனால் தனிப் படகு எடுத்தேன். 7,000 பாட். நம்ம காசுக்கு அது சின்னத் தொகை இல்லை. விளம்பரத்தில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? 'உங்கள் படகு, உங்கள் நேரம், உங்கள் வழி.' இந்த மூன்றில் ஒன்று கூட உண்மை இல்லை என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

காலை எட்டு மணிக்கு ஹோட்டலுக்கு வண்டி வந்தது. புக்கெட்டின் வடகிழக்குப் பக்கம் ஆவ் போர் துறை, அங்கிருந்து லாங் டெயில் படகு. நீளமான கம்பியின் முனையில் விசிறி, கம்பியின் இந்தப் பக்கம் லாரி எஞ்சின் மாதிரி ஒன்று, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கூடப் பேச முடியாது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அந்தப் படகே ஒரு அழகுதான், மூக்கில் கலர் கலராகத் துணியும் பூமாலையும் கட்டியிருந்தார்கள், அம்மா ஏறும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகு ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர், தங்கமான மனிதர், அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதும் அவர்தான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்ததும் அவர்தான். இந்தக் குமுறலில் அவருக்கு ஒரு துளி பங்கும் இல்லை.

பதினொரு மணி வாக்கில் கோ பனாக் தீவு (கோ என்றாலே தீவுதான்). ஹாங் குகைகள் இருக்கிற தீவு. மகள் லைஃப் ஜாக்கெட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரர் எஞ்சினை அணைத்தார், பாறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்புறம் கையைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து மெல்ல மேலே தூக்கிக் காட்டினார். குகையின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் இருட்டு தெரிந்தது. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். கடல் ஏற்றம். கனூ என்ன, ஒரு வாத்து கூட உள்ளே போக முடியாது.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். பிறந்து வளர்ந்தது வேதாரண்யம் பக்கம். "ஏம்ப்பா, நேத்து பூசம், பௌர்ணமி. இன்னைக்குக் கடல் ஏறித்தானே இருக்கும்? இதைக் கேக்காமயா காசு கட்டுன?"

கேட்கவில்லை அம்மா. நான் கேட்கவில்லைதான். ஆனால் நான் எதற்குக் கேட்க வேண்டும்? வருஷம் முழுக்க அந்தக் குகைகளைக் காட்டிப் பிழைப்பு நடத்துகிறவன் டூர் கம்பெனிக்காரனா, நானா? பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி ஏற்றமும் பெரிசு, வற்றமும் பெரிசு. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். இது என்ன பங்குச் சந்தையா, முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போவதற்கு? தாய்லாந்துக் கடற்படையின் நீரளவியல் துறை வருஷத்துக்கான அட்டவணையையே போட்டுவிடுகிறது. போனில் தட்டினால் வருகிறது. அது எதுவும் இல்லை என்றாலும் எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டர் போதும். தண்ணீர் ரொம்ப ஏறியிருந்தால் குகை வாய் மூடிக்கொள்ளும், ரொம்ப வற்றியிருந்தால் கனூ சேற்றில் உட்கார்ந்துகொள்ளும், இரண்டுக்கும் நடுவில் உள்ள கொஞ்ச நேரம்தான் கதவு திறந்திருக்கும் நேரம். அன்றைக்கு அந்த நேரம் மதியம் இரண்டு, இரண்டரை. புக் பண்ணும்போதே 'சார், அன்னைக்குக் காலையில வேண்டாம், பதினொரு மணிக்கு மேல கிளம்புங்க' என்று ஒரு வரி வாட்ஸப் அனுப்பியிருந்தால் முடிந்தது விஷயம். ஒரே ஒரு வரி! பணம் கட்டச் சொல்லி மட்டும் ஐந்து மெசேஜ் வந்தது.

சரி, ஆனது ஆயிற்று, இது நம்ம படகுதானே, வரிசையை மாற்றிக்கொள்ளலாம், முதலில் மற்ற தீவுகளுக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு இங்கே திரும்பலாம் என்று போனில் மொழிபெயர்ப்பை வைத்துப் படகுக்காரரிடம் கேட்டேன். அவர் முகம் சங்கடப்பட்டது. போன் போட்டு ஆபீஸில் பேசினார், போனை என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், தேன் மாதிரி: புரோகிராமை மாற்ற முடியாது சார், நாலு மணிக்குத் துறைக்கு வந்துவிட வேண்டும். ஏம்மா, பிரைவேட் என்றுதானே விற்றீர்கள்? ஆமாம் சார், பிரைவேட்தான், உங்கள் படகில் வேறு யாரும் இல்லையே!

கேட்டீர்களா? படகில் வேறு யாரும் இல்லையாம், அதுதான் பிரைவேட்டாம். ஆட்டோவில் கூடத்தான் வேறு யாரும் ஏறுவதில்லை. கூட்டத்தோடு போகாமல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காசு கொடுத்துத் தனிப் படகு எடுக்கிறவன் எதற்காக எடுக்கிறான்? கால் நீட்டி உட்காரவா? கடல் எப்போது விடுகிறதோ அப்போது போவதற்காகத்தானே? அந்த ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சம் இருக்கிற வெறும் பலகையை எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் கனூ வந்தது. உள்ளே போகத்தான் வழி இல்லையே, பாறையைச் சுற்றி வெளிப்பக்கமாகப் பதினைந்து நிமிஷம் துடுப்புப் போட்டுக் காட்டினான் ஒரு பையன். நடை சாத்தியிருக்கிறது, கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று அனுப்பி வைக்கிற மாதிரி. முடிந்ததும் டிப்ஸ் டப்பாவை நீட்டினான். மனைவி கொடுத்தாள். அவன் மேல் என்ன தப்பு. மகள் ஒன்றும் பேசவில்லை, அழக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்தது ஜேம்ஸ் பாண்ட் தீவு. 1974இல் வந்த ஒரு பாண்ட் படத்தால் ஒட்டிக்கொண்ட பெயர், உண்மைப் பெயர் காவ் பிங் கான். எதிரே தண்ணீரில் நிற்கிற ஒற்றைப் பாறை கோ தாபு, ஆணித் தீவு என்று பொருள், சுமார் 20 மீட்டர் உயரம், அடி சிறுத்துத் தலை பெருத்து, எப்படித்தான் நிற்கிறதோ. 1998இலிருந்து படகுகள் அதன் பக்கத்தில் போகத் தடை, பாறை அரித்துவிடக் கூடாது என்று. நல்ல காரியம். ஆனால் எல்லாப் பெரிய படகுகளும் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து எங்களையும் அங்கே கொண்டுபோய் விட்டால் எப்படி? போட்டோவுக்கு வரிசை. ஒரு குடும்பம் நகர்ந்தால் அடுத்த குடும்பம். 'உங்கள் நேரம்' என்று போட்டிருந்தார்களே, அந்த நேரம் நாற்பது பேர் படகின் நேரமேதான், நிமிஷம் பிசகாமல் அதே வரிசை, அதே இடம்.

இறங்கும்போது தேசியப் பூங்காக் கட்டணம், வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 300 பாட், பிள்ளைகளுக்கு 150. மொத்தம் 1,050. 1981இலிருந்து அது தேசியப் பூங்கா, கட்டணம் வாங்குவது நியாயம், கொடுக்கவும் மனசு உண்டு. 'எல்லாம் உட்பட' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே எறும்பு எழுத்தில் 'பூங்காக் கட்டணம் தவிர' என்று போடுகிறாயே, அந்தப் புத்திக்குத்தான் கோபம்.

சாப்பாடு கோ பன்யீ கிராமத்தில். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற மீனவர் ஊர், முஸ்லிம் குடும்பங்கள், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், பிள்ளைகள் மிதக்கும் பலகையில் கால்பந்து மைதானமே போட்ட ஊர். அங்கே ஒரு மணி நேரம் சும்மா நடந்திருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். அதற்கும் விடவில்லை, முப்பது நிமிஷம், அதிலும் நேராக முத்துக் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அம்மா சைவம் என்று ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். தட்டில் வந்த கீரையில் ஏதோ வாடை. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் பரிமாறிய பெண் சிரித்தபடி "கபி" என்றாள். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, காப்பி தருகிறார்கள் போல என்று. கபி என்றால் இறால் விழுது. அதற்கப்புறம் அம்மா வெறும் சோறும் வெள்ளரிக்காயும் அன்னாசிப் பழமும்தான். (போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், 'வெஜிடேரியன்' என்று சொல்லிப் பயனில்லை, 'ஜே' என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் மீன் சாஸ் கூட விழாது. இதை நான் கற்றுக்கொண்டது மறுநாள், புக்கெட் டவுனில் ஒரு சின்னக் கடையில், மஞ்சள் கொடியைப் பார்த்து.)

இன்னொரு அயோக்கியத்தனம். விளம்பரத்தில் 'ஹாங் தீவு' என்று ஒரு படம், வெள்ளை மணல், கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். நாங்கள் பார்த்த கோ ஹாங்கில் அப்படி ஒரு கடற்கரையே இல்லை. ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து தேடினால் தெரிகிறது, ஹாங் என்ற பெயரில் கிராபி பக்கம் வேறொரு தீவு இருக்கிறது, படம் அங்கே எடுத்தது! பாங்ஙா வளைகுடாவின் தண்ணீர் பச்சை, கொஞ்சம் கலங்கல், அலையாத்திக் காட்டுச் சேறும் ஆற்று வண்டலும் சேர்ந்த நிறம். அதற்கு அதுவே ஒரு அழகு. இருக்கிற அழகைக் காட்டி விற்பதற்கு என்ன கேடு?

இதே பாங்ஙா மாகாணத்தில்தான் தக்குவா பா என்ற ஊர் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அந்தப் பக்கம் கிடைத்திருக்கிறது. அவனி நாரணம் என்ற குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்ட சேதி. பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, காற்றையும் ஓதத்தையும் கணக்குப் பார்த்து வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய் நம்ம ஆட்கள் குளம் வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் வழியில் வந்த நான், கையில் போனை வைத்துக்கொண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்குக் குகை பார்க்கப் போயிருக்கிறேன். அம்மா திட்டியதில் தப்பே இல்லை.

ராத்திரியே கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்தது: கடல் இயற்கை, எங்கள் கையில் இல்லை, அடுத்த முறைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, ஐந்து நட்சத்திரம் கொடுத்து உதவவும். கடல் உன் கையில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அட்டவணை உன் கையில்தானே இருக்கிறது? அதற்குப் பதிலே இல்லை. இரண்டு நீல டிக் மட்டும்.

நாலு மணிக்கு ஏன் அப்படி அவசரமாகத் துரத்தினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். துறையில் இறங்கினால் அங்கே ஒரு குடும்பம் நிற்கிறது, மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழர்கள், கையில் எங்களிடம் இருந்த அதே கம்பெனியின் சீட்டு. பிரைவேட், சூரிய அஸ்தமனம், குகையோடு சேர்த்து. எங்கள் படகுதான் அவர்களுக்கும். உட்கார்ந்த இடம் கூட ஆறியிருக்காது. படகுக்காரர் காலையிலிருந்து ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றிருப்பாரா தெரியவில்லை, குனிந்து டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஈப்போக் குடும்பத்துத் தலைவர் என்னைப் பார்த்து, "அண்ணே, குகை எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டார். அவர்கள் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை ஆகும், தண்ணீர் முழுக்க வற்றியிருக்கும், வாய் திறந்திருக்கும், உள்ளே சேறுதான் இருக்கும். சொன்னேன். காலையில் நாங்கள் பட்டதையும் சொன்னேன். கையில் இருந்த சீட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அதற்குள் அவருடைய இரண்டு பையன்களும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, என் மகள் காலையில் உட்கார்ந்திருந்த முன் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.