கேட்டவுடன் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்

மென்பொருள் துறையில் இருக்கும் நமது திருகோணமலைப் பிள்ளைகள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். நிறுவனம் ராஜினாமாக் கடிதம் கேட்டால் அன்றைக்கே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சென்ற வாரம் நிலாவெளியிலிருந்து ஒரு தங்கை அழைத்தாள். கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவள். காலையில் ‘சிறு உரையாடல்’ என்று ஓர் அழைப்பு வந்திருக்கிறது. இணைந்தால், மேலாளருக்குப் பக்கத்தில் மனிதவள அதிகாரி. வெளிநாட்டு வாடிக்கையாளர் செலவைக் குறைக்கிறார், உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் வேறு வழியில்லை. கால் மணி நேரத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அடுத்து மின்னஞ்சலில் ஒரு கடிதம். ‘எனது சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன்’ என்று அவர்களே தட்டச்சு செய்து, அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பினால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல சேவைச் சான்றிதழும் தருவார்களாம்.

“அண்ணா, அது என்ன சொந்தக் காரணம் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது?” என்றாள்.

அனுப்புவது அவர்கள், எழுதிக்கொடுப்பது அவள். நமது நாட்டில் ஆட்குறைப்பு இப்படித்தான் ஓசைப்படாமல் நடக்கிறது. எல்லோரும் தாமாக விலகியதாகவே பதிவேட்டில் இருக்கும். பத்திரிகையில் ஒரு வரியும் வராது.

வெளிநாட்டில் இது ஊரறிய நடக்கிறது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை நிறுத்தியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை நிறுத்துவதாக அறிவித்தது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், அதன் தாய் நிறுவனம் தன் பங்குகளைத் தானே திருப்பி வாங்குவதற்கு 7,000 கோடி டொலரை ஒதுக்கியது. இதற்குப் பிறகும் ‘பணம் இல்லை, அதனால்தான்’ என்று யாராவது சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் கடன் மலிவாகக் கிடைத்தது, கண்மூடித்தனமாக ஆள் எடுத்தார்கள். 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்காவில் வட்டி ஏறத் தொடங்கியது, பங்குதாரர்கள் இலாபத்தைக் கேட்டார்கள், ஆட்கள் வெளியே போனார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவைக் காரணம் காட்டுகிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கணக்கைத் தவறாகப் போட்டவர்கள் மேலே அப்படியே இருக்க, விலையைக் கொடுப்பது கீழே இருப்பவர்கள்தான்.

இந்தத் தொழிலை நான் விரும்பித்தான் செய்தேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? உப்புவெளியில் ஜெனரேட்டர் உள்ள ஒரு விடுதியின் வரவேற்பறையில், ஒரே நீட்டிப்புக் கம்பியில் ஐந்தாறு பேர் மடிக்கணினிகளைச் செருகிக்கொண்டு, கைபேசி இணையத்தில் வேலையை முடித்துக் கொடுத்தோம். டீசலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, வீட்டில் குழந்தைக்குப் பால்மா இல்லை. ஒரு வாடிக்கையாளருக்குக்கூடத் தவணை தவறவில்லை. நாங்கள் ஒரு குடும்பம் என்று அப்போது மேலிடத்திலிருந்து நீண்ட கடிதம் வந்தது. அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று வேலையில் இல்லை. எனக்கு இந்தத் துறைமீது இருந்த பற்று விட்டுப்போனது அங்கேதான்.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். ஒருவரை நிறுத்தப் போகிறார்கள் என்றால் தொழிற்சங்கத்துக்குத் தெரியாமல் நடக்காது என்பார். நம்மிடம் சங்கமும் இல்லை, அது வேண்டும் என்ற நினைப்பும் இல்லை. குளிரூட்டிய அறையில் இருப்பவனுக்குத் தொழிற்சட்டம் எதற்கு என்று நினைத்துவிட்டோம்.

சட்டம் நமக்கும் இருக்கிறது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தைத் தேடி வாசியுங்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 180 நாள் வேலை செய்திருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்த இரண்டே வழிகள்தான். ஒன்று, முன்கூட்டியே நீங்கள் எழுத்தில் தரும் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி. அந்த அனுமதியைக் கேட்டுப் போனால் காரணம் காட்ட வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். முதல் ஐந்து வருட சேவைக்கு, வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்பது அங்குள்ள கணக்கு. ஐந்து வருடம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடை தனி. இதையெல்லாம் தவிர்க்கத்தான் அந்த ஐந்து மணிக் கெடு. நீங்கள் கையெழுத்து வைத்தால் வேலை நீக்கம் என்ற ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

தங்கை கையெழுத்து வைக்கவில்லை. ‘நான் ராஜினாமா செய்யவில்லை. என்னை நிறுத்துவதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்’ என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினாள், பிரதியைச் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவர்களே அழைத்து, இரண்டு மாதத்தை ஐந்து மாதமாக உயர்த்தினார்கள். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. வங்கிக் கடன் இருக்கிறது, தம்பி உயர்தரம் படிக்கிறான். பணத்தை வாங்கிக்கொண்டு விலகினாலும் அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என்ன கைமாறுகிறது என்று தெரிந்து செய்வாள்.

யாருக்காவது இப்படிக் கடிதம் வந்திருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் எனக்கு வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தப்பட்டவர்கள், ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமலாப நிதி விபரம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து வையுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.