200 மணி நேரத்துக்குள் வராத மாணவர்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில மாதங்களுக்கு முன் யோகா வகுப்பு தொடங்கியது. கற்பிக்க வந்த பெண்ணுக்கு வயது இருபத்துமூன்றோ இருபத்துநான்கோ இருக்கும். 200 மணி நேரப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவர். அவருடைய ஆசனங்களைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. உடல் அவ்வளவு இலகுவாக வளைகிறது. முதல் நாள் எல்லாரையும் வஜ்ராசனத்தில், அதாவது முழங்காலை மடித்துக் குதிகால்மேல், அமரச் சொன்னார். இரண்டாம் தளத்து அக்கா ஒருவர், வயது அறுபத்துமூன்று, இடது முழங்காலுக்கு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், "நான் எப்படிம்மா உட்கார்றது?" என்று கேட்டார். அந்தப் பெண் ஒரு நொடி திகைத்துவிட்டு, "முடிந்த அளவு செய்யுங்கள், ஆன்ட்டி" என்றார். அக்கா விரிப்பின் ஓரத்தில் ஒரு மணி நேரம் கால் நீட்டி அமர்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வகுப்பு முடிந்தபின் நான் அந்தப் பெண்ணிடம் பேசினேன். பயிற்சிக் காலத்தில் யாருக்குக் கற்பித்துப் பழகினீர்கள் என்று கேட்டதற்கு, உடன் பயின்றவர்களுக்கு என்றார். அவர்களில் மூத்தவருக்கு முப்பத்தைந்து வயதாம். அதாவது, செயற்கை மூட்டு பொருத்திய ஒருவரை ஆசிரியராக அவர் சந்தித்தது சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, எங்கள் மொட்டை மாடியில்தான். இதை அவருடைய குறையாக நான் நினைக்கவில்லை. அவரை அப்படித் தயாரித்த ஏற்பாட்டின் குறை இது.

யோகாசிரியர்களின் வாழ்க்கை வரலாறுகளை நான் விரும்பிப் படிப்பவன். அவற்றில் திரும்பத் திரும்ப எனக்குத் தென்படுவது ஒன்று. யாரிடம் கற்றார் என்பது ஒருவரை எவ்வளவு உருவாக்கியதோ, யார் அவரிடம் கற்க வந்தார் என்பதும் அவ்வளவு உருவாக்கியிருக்கிறது. குரு பரம்பரையைப் பற்றிப் பேசும்போது முதலாவதை மட்டும் பேசி இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

திருமலை கிருஷ்ணமாச்சாரியாரையே எடுத்துக்கொள்வோம். 1888இல் இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் பிறந்தவர். சாத்திரங்களில் பெரும் புலமை இருந்தும், வயிற்றுப்பாட்டுக்காகக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த காலமும் அவருக்கு உண்டு. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியபோது அவர் முன் நின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும். துள்ளித் தாவி, மூச்சோடு இணைத்து, ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குப் பாயும் வேகமான முறையை அவர் அங்கே கற்பித்தார். பட்டாபி ஜோயிஸ் அங்கே கற்றதைத்தான் பின்னாளில் அஷ்டாங்க வின்யாசமாக உலகம் அறிந்தது. சுதந்திரத்துக்குப் பின் அரண்மனை ஆதரவு போயிற்று, யோகசாலை 1950இல் மூடப்பட்டது, அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

சென்னையில் அவரைத் தேடி வந்தவர்கள் வேறு மாதிரியானவர்கள்: பக்கவாதம் வந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், தூக்கமற்றவர்கள், பிள்ளை பெற்ற பெண்கள், அலுவலகம் போகிற நடுத்தர வயதினர். அவர்களை வரிசையில் நிறுத்தித் தாவச் சொல்ல முடியாது. ஒருவருக்கு ஒருவராக, நாடி பார்த்து, மூச்சின் நீளத்தைப் பார்த்து, கையைத் தூக்கி இறக்குவதையே ஒரு பயிற்சியாக அமைத்துக் கொடுத்தார். மைசூர்க் காலத்து மாணவரும் சென்னைக் காலத்து மாணவரும் தங்கள் குருவைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் இருவரும் வெவ்வேறு ஆளைச் சொல்கிறார்களோ என்று தோன்றும். நூறு வயது நிறைந்து 1989இல் சென்னையிலேயே மறைந்த அவருடைய பிற்காலக் கற்பித்தலில் பாதியை இந்த ஊரின் நோயாளிகள்தாம் உருவாக்கினார்கள் என்று சொன்னால் மிகை என்று நான் கருதவில்லை.

அவர் மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர், யோகத்தில் முதலில் நாட்டமில்லாதவர். 1960களின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கி, ஆசாரம் மிகுந்த கிருஷ்ணமாச்சாரியாரை மகிழ்ச்சியில் கட்டித் தழுவியதைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனார். பல காலமாகத் தூக்கமில்லாமல் தவித்தவர் முதன்முறையாக மாத்திரையின்றி உறங்கியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. பொறியாளர் வேலையை விட்டுத் தந்தையிடம் கற்க அமர்ந்தவர், 1976இல் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் என்ற யோகப் பள்ளியைத் தொடங்கினார். ஒருவரின் நலமான உறக்கம் இன்னொருவரின் வாழ்க்கைத் தொழிலை மாற்றிவிட்டது.

பி.கே.எஸ். ஐயங்காரின் பாதை இதைவிடக் கடுமையானது. கோலார் மாவட்டத்தின் பெல்லூரில் 1918இல் பிறந்தவருக்கு மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் சிறு வயதிலேயே வந்துபோயின. அக்காவின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாத உடம்பு அவருக்கு. அத்திம்பேர் அவரை ஒரு மாணவராகவே கருதவில்லை. இருந்த நல்ல மாணவர் ஒருவர் திடீரென்று ஓடிப்போனதால்தான் இவருக்கு இடம் கிடைத்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1937இல், கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதற்காக, பதினெட்டு வயதில் புனேவுக்கு ஆசிரியராக அனுப்பப்பட்டார். 200 மணி நேரம் போதாது என்று குறைபடும் நாம் இதையும் நினைக்க வேண்டும்: அவரும் அரைகுறையாகக் கற்றவராகத்தான் அங்கே போய் இறங்கினார். ஆனால் போன இடத்தில் தன்னைவிட வலுவான மாணவர்களைப் பார்த்துப் பயந்து, ஒரு நாளில் பல மணி நேரம் தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். கயிறு, மரக்கட்டை, நாற்காலி, வார்ப்பட்டை, திண்டு என்று அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்த துணைக்கருவிகள், முடியாத உடம்புகளை ஆசனத்துக்குக் கொண்டுவருவதற்காக வந்தவை. விறைத்த உடம்போடு தொடங்கியவருக்குத்தான் அந்த யோசனை வந்தது என்பது தற்செயல் அல்ல.

பத்தமடையில் பிறந்த குப்புசாமி மலேயாவில் பத்தாண்டுகள் மருத்துவராக இருந்து, நோயாளிகளின் துன்பத்தைப் பார்த்துப் பார்த்து, 1924இல் ரிஷிகேசத்துக்குப் போய் சிவானந்தரானார். (பாய்க்குப் பேர் போன ஊரிலிருந்து ஒருவர் யோகியாகப் போனதையும், இன்று நாம் ரப்பர் விரிப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதையும் நினைத்து நான் சிரித்துக்கொள்வதுண்டு.) அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேற்கே போய், 1969இல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமைத் தொடங்கினார். 1999இல் அமெரிக்காவில் உருவான யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு, ஆசிரியர் பயிற்சிக்கு 200 மணி நேரம் என்ற அளவை நிலைப்படுத்தியது. அந்த அளவு இன்று ரிஷிகேசத்திலேயே ஒரு மாதப் பயிற்சியாக விற்கப்படுகிறது.

சான்றிதழே வேண்டாம், எல்லாம் குருகுலமாக மாற வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குருவின் கையில் கேள்வி கேட்காமல் உடம்பைக் கொடுப்பது என்னவாகும் என்பதற்கு, பட்டாபி ஜோயிஸ் மறைந்த பின் அவருடைய மாணவியர் பலர் தாங்கள் தகாத முறையில் தொடப்பட்டதாக வெளிப்படையாகச் சொன்னதே போதும். கிருஷ்ணமாச்சாரியாரும் ரீகாவில் பிறந்த இந்திரா தேவியை, வெளிநாட்டவர், அதுவும் பெண் என்று முதலில் மறுத்தவர்தான். மன்னர் சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். பிறகு, கற்பிக்கப் போ என்று அந்தப் பெண்ணை அனுப்பியவரும் அவரே. பரம்பரை என்பது இப்படி மாறியும் தடுமாறியும் வந்ததுதான்.

கோயம்புத்தூர் நானம்மாளிடம் எந்த மணிக்கணக்கும் இல்லை. எட்டு வயதில் வீட்டுப் பெரியவர்களிடம் கற்று, புடவையோடே ஆசனம் செய்து, தொண்ணூறு வயதைத் தாண்டியும் கற்பித்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்று, மறு ஆண்டு தொண்ணூற்றொன்பது வயதில் மறைந்தார். வீட்டில் கற்பவருக்கு ஒரு வசதி உண்டு: பாட்டியின் முதுகும் பேரனின் முதுகும் ஒரே கூடத்தில் இருக்கும்.

ஆகவே என் கோரிக்கை மணி நேரத்தைக் கூட்டுவது பற்றியது அல்ல. இருக்கிற 200இல் ஐம்பதையாவது, அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, நோயோடும் முதுமையோடும் வருகிறவர்களைப் பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும். எந்தக் காலில் மாடிப்படி ஏறுகிறார், இரவு எத்தனை முறை எழுகிறார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கப் பழக்க வேண்டும். வடமொழிப் பெயர்களை மனப்பாடம் செய்யும் நேரத்தில் கொஞ்சம் குறைத்தால் இதற்கு இடம் கிடைக்கும்.

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், அந்தப் பெண்ணை மாற்றிவிட்டு மூத்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டுவரலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். மாதக் கட்டணம் குறைவு என்பதும் ஒரு காரணம், மறைக்கவில்லை. முழங்கால் அக்காவும் என் பக்கம் பேசினார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் வகுப்புக்கு முன் அரை மணி நேரம், கீழ்த்தளத்துக் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியைக் கடன் வாங்கிவந்து, அந்தப் பெண்ணும் அக்காவும் தனியே எதையோ முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.