கறுப்புக் கோட்டுக்கு வரி அலுவலகத்திலும் ஒரு கதிரை வேண்டும்

உச்ச நீதிமன்றத்தில் ஒரு தொகுதியினர் சட்டத்தரணிகளாகச் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டால் அடுத்த சில நாள்களுக்கு முகநூல் முழுக்கக் கறுப்பு அங்கிதான். மகிழ்ச்சி. நானும் ஒன்று விடாமல் வாழ்த்துப் போடுகிறேன். ஆனால் சில மாதம் கழித்து அதே பிள்ளைகளை யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்தில் பார்த்தால் மனம் கனக்கிறது. யாரோ ஒரு சீனியரின் கோப்புக் கட்டைச் சுமந்துகொண்டு, தவணை கேட்பதற்காக மட்டும் நிற்கிறார்கள். பெற்றோல் காசுக்கு இன்னும் வீட்டில்தான் கை நீட்டுகிறார்கள். "தம்பி, முதல் கொஞ்ச வருடம் இப்படித்தான்" என்று சொல்லித் தட்டிக் கொடுக்கிறோம். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

காணி வழக்கு, விவாகரத்து, தாபரிப்பு, உறுதி எழுதுதல். துணிந்தவர்களுக்கு நீதிச்சேவைப் பரீட்சை. இதற்கு அப்பால் சட்டம் படித்தவருக்கு வேலையே இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறோம். வரி என்று வாயெடுத்தால் "அது கணக்காளருடைய வேலை அல்லவா?" என்பார்கள். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து வகைகளைப் பற்றி அரை மணித்தியாலம் மூச்சுவிடாமல் பேசக்கூடிய மூத்த சட்டத்தரணிகள் இங்கே இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தைக் கொடுத்துப் பாருங்கள், பக்கத்தைப் புரட்டவே கை வராது.

எனக்குத் தெரிந்த ஒரு வன்பொருள் கடைக்காரர் வரி மதிப்பீட்டு அறிவித்தலைக் காசு லாச்சிக்குள் பற்றுச்சீட்டுகளோடு போட்டு வைத்திருந்தார். மதிப்பீட்டை மீளாய்வு செய்யும்படி கேட்கச் சட்டம் தரும் காலம் 30 நாள். அதில் பெரும்பகுதி லாச்சிக்குள்ளேயே கழிந்துவிட்டது. கடைசி நேரத்தில் கணக்காளரிடம் ஓடினார். அவரும் பாவம், கொள்வனவு இவ்வளவு, விற்பனை இவ்வளவு, தேய்மானம் இவ்வளவு என்று அட்டவணை போட்டு ஒரு பதில் தயாரித்தார். கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் இந்த மதிப்பீடு உரிய காலத்துக்குள் செய்யப்பட்டதா, சமர்ப்பித்த வரி விபரத்தை ஏற்காமல் விட்டதற்குக் காரணம் தரப்பட்டிருக்கிறதா என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. பெர்னாண்டோ எதிர் இஸ்மாயில் என்ற வழக்கு 1982ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கையில் இருக்கிறது. வரி விபரத்தை நிராகரிக்கும் மதிப்பீட்டாளர் அதற்கான காரணத்தை அறிவித்தே ஆகவேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது. கணக்காளருக்கு அது தெரியாவிட்டால் குற்றமில்லை. சட்டத்தரணிக்குத் தெரியாவிட்டால்?

இதன் பின்விளைவைக் கேளுங்கள். மீளாய்வில் தோற்றால் அடுத்த படி, 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதென்றால் சட்டக் கேள்வியின் மீது மட்டுமே போகலாம். இலாபம் எவ்வளவு என்ற தகராறு அங்கே எடுபடாது. ஆக, முதல் கடிதத்திலேயே சட்டக் கேள்வியை எழுப்பத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வரி கட்டுகிறவர் பக்கத்திலும் வேண்டும், அரசின் பக்கத்திலும் வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்று தனி வாசலே வைத்திருக்கிறார்கள். அங்குள்ள இறைவரித் திணைக்களத்துக்குத் தலைமைச் சட்ட ஆலோசகர் அலுவலகம் ஒன்று உண்டு. சட்டக் கல்லூரியின் இறுதி ஆண்டு மாணவர்களையும் புதிதாக வெளியேறியவர்களையும் தனித் திட்டம் ஒன்றின் மூலம் அது சேர்த்துக்கொள்கிறது. வரி நீதிமன்றத்தில் அரசுக்காகத் தோன்றுவது இந்த அலுவலகத்துச் சட்டத்தரணிகள்தான். அந்த நீதிமன்றம் வாஷிங்டனில் இருந்தாலும் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் அமர்கிறார்கள். 50,000 டொலருக்கு மேற்படாத தகராறுகளுக்கு எளிய நடைமுறை உண்டு. எதிர்ப்பக்கத்தில் பல சமயம் சட்டத்தரணி வைக்க வசதியில்லாத சாதாரண ஆள் தனியாக நிற்பார். பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்குப் போகாமலே இணக்கத்தில் முடிகின்றன. சம்பளமும் வாங்கிக்கொண்டு, கோப்பையும் கையில் எடுத்து, எதிராளியோடு பேசித் தீர்க்கவும் பழகுகிறார் இளம் சட்டத்தரணி. அங்கேயும் எல்லாம் பாலும் தேனுமல்ல. 2025 ஜனவரியில் புதிய ஆட்சி வந்த கையோடு மத்திய அரசின் ஆட்சேர்ப்பையே முடக்கியது.

எங்கள் நாட்டில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதியாகச் சேர்ந்தால் வரி வழக்கும் கைக்கு வரலாம், வராமலும் போகலாம். கொலை வழக்கு முதல் ரிட் மனு வரை எல்லாம் அங்கேதான். வரிக்கென்று, புதிதாக வரும் சட்டத்தரணிகளை எடுத்துப் பழக்கி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் அமர்த்தும் ஒரு பதவி வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இதைச் சொன்னால் நம் ஊரில் உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும்: "சனத்திடம் வரி பிடுங்கி அரசாங்கத்துக்குக் கொடுக்கவா பிள்ளையைச் சட்டம் படிக்க வைத்தோம்?" இந்த அரசோடு நமக்கிருக்கும் கணக்கு நீளமானது, அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் வரி உங்களைக் கேட்டு வருவதில்லை. 2019 இறுதியில் வற் என்ற பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2022இல் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதமாகி வந்து நின்றது. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்கும் அதுதான், கொழும்புக்கும் அதுதான். வருமானம் தேடி அரசு இன்னும் இறுக்கத்தான் போகிறது. அப்போது மேசைக்கு அந்தப் பக்கத்தில், "இந்த மதிப்பீடு சட்டத்தில் நிற்காது, திரும்பப் பெறுவோம்" என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதக்கூடிய ஒரு சட்டத்தரணி இருப்பதும் இல்லாமல் போவதும் கடைக்காரருக்கு ஒன்றா? அந்தக் குறிப்பை எழுதுகிறவர் தமிழில் வந்த முறைப்பாட்டைத் தமிழிலேயே வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

சிங்களம் படிக்காமல் இந்தப் பக்கம் வரவேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் சிங்களப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் இடையே முரண் வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கசப்பாக இருக்கலாம். வாதாடப் போகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும். சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையை வாசிக்கவும் ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து பழகுங்கள். சட்டம் படித்தவன் கணக்குக் கேட்பதா என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

இறுதி ஆண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். வரித் துறைக்கான போட்டிப் பரீட்சை அறிவிப்பு வந்தால் தலைப்பைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல், தகுதிப் பகுதியை முழுக்க வாசியுங்கள். ஏற்கெனவே அந்தத் துறைக்குள் இருக்கும் நம்மவர்கள் யாராவது இதை வாசித்தால், உள்ளே வேலை எப்படி என்று கீழே எழுதுங்கள். சீனியர்மார் திட்டுவதென்றால் திட்டலாம், ஆனால் ஜூனியருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டுத் திட்டுங்கள்.