பாடினாலும் சாவு, பாடாவிட்டாலும் அடி

மெக்சிகோ பாடகர் சலீனோ சான்செஸ் பாடும் அந்தப் பழைய வீடியோவை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். 1992 மே மாதம், மெக்சிகோவின் குலியாகான் நகரம். மேடையில் நிற்கும் அவரிடம் கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வந்து சேர்கிறது, பிரித்துப் படிக்கிறார், முகம் மாறுகிறது, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார், சீட்டைக் கசக்கிவிட்டுப் பாடப் போய்விடுகிறார். மறுநாள் காலை கால்வாய் ஓரம் பிணமாகக் கிடந்தார், தலையில் இரண்டு குண்டு. வயது 31. சீட்டில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்தப் பேச்சை எடுத்தாலே "போதைப்பொருள் கடத்தல்காரனைப் புகழ்ந்து பாடினான், வாங்கிக் கட்டிக்கொண்டான்" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சலீனோ பாடியது கொரிடோ, அதாவது கதை சொல்லும் பாட்டு. 1910 புரட்சிக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத சனங்களுக்கு அதுதான் செய்தித்தாள். யார் செத்தார், எந்த ஊர் விழுந்தது, எல்லாம் பாட்டிலேயே வந்துசேரும். பிறகு கடத்தல்காரர்களின் கதையும் அதில் ஏறியது. சலீனோ எழுதிய முதல் கொரிடோ கொலையான சொந்த அண்ணனுக்காக. அப்புறம் சிறையில் இருந்தபோது கூட இருந்தவர்கள் தங்கள் கதையையும் பாட்டாக்கச் சொன்னார்கள், அப்படியே அது பிழைப்பானது. காசு கொடுத்துப் பாட்டுக் கேட்கிறவனிடம் நீ யார், உன் தொழில் என்ன என்று கேட்க ஓர் ஏழைப் பாடகனால் முடியுமா? ஆனால் ஒருவனைப் பெயர் சொல்லிப் பாடினால் அவனுடைய எதிரியும் அதைக் கேட்கிறான், ஆபத்து அங்கே ஆரம்பிக்கிறது. 2006-ல் ரெய்னோசா நகரில் கச்சேரி முடித்துக் கிளம்பிய பாடகர் வலென்டின் எலிசால்டேயைக் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள், அவர் பாடிய ஒரு பாட்டுதான் காரணம் என்றே பலரும் நம்புகிறார்கள். 27 வயது.

சரி, அவர்கள் பாடினார்கள். சைடா பெண்யா பாடியது காதல் பாட்டு. 2007-ல் சுடப்பட்டு மருத்துவமனையில் பிழைத்துக் கிடந்தவரை அங்கேயே தேடி வந்து கொன்றார்கள். கொம்போ கொலம்பியா குழு வாசித்தது ஆட்டம் போட வைக்கும் கும்பியா. 2013 ஜனவரியில் ஒரு தனியார் விருந்தில் வாசிக்கப் போனவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், கிணற்றிலிருந்து 17 உடல்களை எடுத்தார்கள். இவர்கள் எதை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்?

இந்தப் பாட்டுகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2025 மார்ச்சில் ஹலிஸ்கோ மாநிலத்தின் ஒரு பண்ணையில், காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான செருப்புகளையும் துணிமணிகளையும் கண்டெடுத்தார்கள். அதே மாதம், அதே மாநிலத்தில், ஒரு கச்சேரித் திரையில் அங்கே கோலோச்சிய கடத்தல் கும்பலின் அப்போதைய தலைவன் எல் மென்சோவின் படம் ஓடியது, கூட்டம் கைதட்டியது. பிள்ளையைத் தேடி அலையும் ஒரு தாய் அதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பாள்?

ஆனால் தடை போட்டால் தீருமா? அதற்கடுத்த மாதம் டெஸ்கோகோ திருவிழாவில், தடை இருப்பதால் கடத்தல்காரர்களைப் புகழும் பாட்டு பாட மாட்டேன் என்றார் பாடகர் லூயிஸ் ஆர் கொன்ரிகேஸ். கூட்டம் மேடையேறி வாத்தியங்களையெல்லாம் அடித்து நொறுக்கியது. பாடினால் எதிர்க்கும்பல், பாடாவிட்டால் ரசிகர்கள். நடுவில் நிற்கிற மனிதனுக்குக் காவல் என்று எவனும் இல்லை, கொன்றவனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவதும் அபூர்வம். பாட்டைத் தடுக்கக் காட்டும் வேகத்தில் பாதியை அங்கே காட்டியிருக்கலாம்.

2025 மே மாதம் அதே ரெய்னோசாவில் குருப்போ ஃபுகிடிவோ என்ற சின்னக் குழுவைச் சேர்ந்த 5 பேரைக் கொன்றார்கள். ஊர் விசேஷங்களில் வாசித்துப் பிழைத்தவர்கள். ஒரு தனியார் நிகழ்ச்சிக்கு என்று அழைப்பு வந்தது, நம்பி வாத்தியங்களோடு கிளம்பினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் பந்தலும் இல்லை, விருந்தும் இல்லை, வெறும் காலி மனைதான் இருந்தது.